பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் சத்து மாத்திரை தொடங்குவதற்கு முன்

மெட்டோபுரோலால், அட்டினோலால், பிசோப்ரோலால், ப்ரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை விரட்டுவதைத் தடுத்து, துடிப்பின் வேகத்தையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கின்றன. இவற்றில் ஒன்றை எடுத்துவருபவர் சத்து மாத்திரையோ மூலிகை கேப்சூலோ வாங்க நினைத்தால், முதலில் புட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள சேர்மானங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். முன்பக்கத்தில் மஞ்சள் சாரம் என்று மட்டும் இருக்கும். பின்பக்கத்திலோ, அது உடலில் நன்கு சேர்வதற்காக மிளகிலிருந்து பிரித்த பைப்பரினும் கலந்திருப்பது தெரியவரும். நாள்தோறும் 20 மில்லிகிராம் பைப்பரின் எடுத்தவர்களின் இரத்தத்தில் ப்ரோப்ரனோலாலின் அளவு கூடியதை ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. மருந்தின் அளவை மாற்றாமலே அதன் விளைவு கூடிவிடக்கூடும் என்பதுதான் இதன் பொருள்.

உடல் எடையைக் குறைக்கவும் உடற்பயிற்சிக்கு முன் சுறுசுறுப்பு பெறவும் விற்கப்படும் பொடிகளை நான் முற்றிலும் தவிர்க்கவே சொல்வேன். எஃபெட்ரா, யோகிம்பின், கசப்பு ஆரஞ்சு சாரம், மிகுந்த அளவு காஃபின் ஆகியவை மாத்திரை அடக்கிவைப்பதையே தூண்டிவிடுபவை. அதிலும் ப்ரோப்ரனோலால் போன்ற, அட்ரினலின் பற்றிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகள் எல்லாவற்றையும் அடைக்கும் மருந்தை எடுப்பவருக்கு, இத்தகைய தூண்டிகளால் இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் திடீரென ஏறக்கூடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: சர்ப்பகந்தா வேரில் உள்ள ரெசர்பின் இரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் தானே இறக்கும் என்பதால், அதுவும் பீட்டா பிளாக்கரும் சேர்ந்தால் துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வரலாம். அதிமதுரத்தை நாள்கணக்கில் எடுத்தால் பொட்டாசியம் குறைந்து அழுத்தம் உயரும். மறுபுறம், பொட்டாசியம் மாத்திரையையும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கால்சியம் மாத்திரையும் அலுமினியம் கலந்த அமிலநீக்கியும் அட்டினோலால் உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், இவற்றுக்கும் அட்டினோலாலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சுச் சாறும் இதையே செய்யும். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குவதே நல்லது.

சர்க்கரை நோய்க்கும் மருந்து எடுப்பவர்கள், சர்க்கரையை மேலும் தாழ்த்தக்கூடிய குரோமியம், பெர்பெரின், வெந்தயச் சாரம் போன்றவற்றைத் தாமாகச் சேர்க்க வேண்டாம். சர்க்கரை தாழும்போது நெஞ்சு படபடப்பது உடல் தரும் முதல் எச்சரிக்கை; பீட்டா பிளாக்கர் அந்தப் படபடப்பை மறைத்துவிடும், ஆனால் வியர்வையைப் பெரும்பாலும் மறைக்காது. ஆகவே காரணமின்றி உடல் வியர்த்தால், உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். பெர்பெரின், மெட்டோபுரோலாலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் தடுக்கக்கூடியது; அதனால் அம்மருந்து இரத்தத்தில் கூடிவிடலாம்.

பீட்டா பிளாக்கர்கள் இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைக் குறைப்பதால் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. மெலடோனின் மாத்திரை வாங்குவதற்கு முன் தூக்கம் கெடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருந்தையோ எடுக்கும் நேரத்தையோ மாற்றினாலே சரியாகிவிடக்கூடும்.

மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொடங்குங்கள். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் தொல்லை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே, காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, இரத்த அழுத்தத்தோடு குறித்துவாருங்கள். துடிப்பு 50-க்குக் கீழ் இறங்கினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, புதிதாகச் சேர்த்ததை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். பீட்டா பிளாக்கரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சுவலி முற்றி மாரடைப்பு வரை போகக்கூடும் என்பதால், அதை மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பெயர்களை நினைவிலிருந்து சொல்லாமல், புட்டிகளையே எடுத்துச்செல்லுங்கள்.