ஒரே டவரில் பல ரேடியோக்கள்: ஜிபிஎஸ் நேரத்தை வைத்து இடையூறைக் குறைப்பது எப்படி

டவரில் ஒரு ரேடியோ 25 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அளவு) சக்தியில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் இன்னொன்று, மைனஸ் 65 டிபிஎம்மில் வரும் சிக்னலை அதே கணத்தில் பிடித்தாக வேண்டும். வித்தியாசம் 90 டெசிபல், அதாவது 100 கோடி மடங்கு. வேறு வேறு சேனலில் வைத்தாலும், பக்கத்தில் கசிவதே கேட்கும் ரேடியோவைச் செவிடாக்கிவிடும். எல்லாம் ஒன்றாக அனுப்பி ஒன்றாகக் கேட்டால் இந்தத் தகராறு இல்லை. ஜிபிஎஸ் ரிசீவர் நொடிக்கு ஒரு துடிப்பு தரும். எல்லா ரேடியோக்களும் அதைப் பார்த்து ஃப்ரேமை, அதாவது அனுப்பும் நேரமும் கேட்கும் நேரமும் சேர்ந்த ஒரு சுற்றை, தொடங்கும்.

உங்கள் ரேடியோக்கள் ஒன்றையொன்று கெடுப்பதற்குத்தான் இது மருந்து. வேறொருவர் வைத்த ரேடியோவின் தொல்லைக்கு சேனல் மாற்றுவதும் நல்ல ஆன்டெனாவும்தான் வழி.

ரேடியோவில் கை வைக்குமுன் ஒரு தாளில் டவர்களை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு லிங்க்கிலும், அதாவது இரண்டு ரேடியோக்களுக்கு இடையிலான இணைப்பிலும், அனுப்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் முனை மாஸ்டர், மறுமுனை ஸ்லேவ். மாஸ்டர் அனுப்பும்போது ஸ்லேவ் கேட்கும். ஆகவே ஒரு டவரில் உள்ள எல்லா முனைகளும் மாஸ்டராக இருக்க வேண்டும், இல்லையேல் எல்லாமே ஸ்லேவாக இருக்க வேண்டும். அ, ஆ, இ என்று வரிசையாக மூன்று டவர்கள் இருந்தால் அ மாஸ்டர், ஆ டவரின் இரண்டு முனைகளும் ஸ்லேவ், இ மறுபடி மாஸ்டர். பலர் வழக்கமாக ஒரு பக்கம் ஸ்லேவ், மறுபக்கம் மாஸ்டர் என்று கோத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் நடு டவரில் ஒன்று கத்த மற்றது கேட்கும். ஜிபிஎஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. வளையமாக இணைத்திருந்தால் லிங்க்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மூன்று லிங்க் வளையத்தில் எப்படிப் போட்டாலும் ஒரு டவரில் முட்டும். அங்கே ஒரு லிங்க்கை வேறு பேண்டுக்கே (அலைவரிசைத் தொகுதிக்கே) மாற்றிவிடுங்கள்.

அடுத்தது அமைப்புகள். ஃப்ரேம் நீளம், இறக்க-ஏற்ற விகிதம் (மாஸ்டர் அனுப்பும் நேரத்துக்கும் ஸ்லேவ் அனுப்பும் நேரத்துக்கும் உள்ள பங்கு), அதிகபட்ச தூரம் மூன்றும் எல்லா மாஸ்டர்களிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் 50:50, இன்னொன்றில் 75:25 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கால் பங்கு நேரம் மோதல்தான். அதிகபட்ச தூரத்தைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். ரேடியோ அலைக்கு ஒரு கிலோமீட்டர் போக 3.33 மைக்ரோ நொடி. 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப சுமார் 133 மைக்ரோ நொடி. மாஸ்டர் அனுப்பி முடித்த பிறகு அவ்வளவு நேரம் காலியாக விட வேண்டும். ஒரே டவரில் 2 கிலோமீட்டர் லிங்க்கின் ஸ்லேவும் 20 கிலோமீட்டர் லிங்க்கின் ஸ்லேவும் இருக்கின்றன என்று வையுங்கள். சின்ன லிங்க்கில் தூரத்தை 2 என்று போட்டால், அதன் ஸ்லேவ் சுமார் 7 மைக்ரோ நொடியிலேயே அனுப்பத் தொடங்கும்; பெரிய லிங்க்கின் ஸ்லேவோ 67 வரை கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் 60 மைக்ரோ நொடி நாசம். இரண்டிலும் 20 என்றே போடுங்கள். 5 மில்லி நொடி ஃப்ரேமில் இந்தக் காலி நேரம் 2.7 சதவீதம், 2.5 மில்லி நொடியில் 5.3 சதவீதம், தாமதம் குறைய வேண்டுமானால் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் ரேடியோக்களைக் கலக்க வேண்டாம்: துடிப்பு ஒன்றானாலும் ஃப்ரேமின் உள்ளமைப்பு வேறு.

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் திறந்திருக்க வேண்டும். இரும்புத் தகட்டுக்கு அடியிலோ, செக்டர் ஆன்டெனாவின் (ஒரு திசைப் பகுதிக்கு மட்டும் அனுப்பும் ஆன்டெனா) முகத்துக்கு நேரேயோ வைக்காதீர்கள். நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் ரிசீவர் அவற்றின் நேரத்தோடு பூட்டிக்கொள்ளும்; எட்டு தெரிகிற இடமாகப் பாருங்கள். கேபிளில் இடிதாங்கி போட்டால், ஆன்டெனாவுக்குப் போகும் மின்சாரத்தை அது தடுக்காத வகைதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டு விட்டுப்போனால் ரேடியோவின் சொந்தக் கடிகாரம் ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள கடிகாரம் நொடிக்கு 1 மைக்ரோ நொடி விலகும். மேலே சொன்ன 133 மைக்ரோ நொடி இரண்டே கால் நிமிடத்துக்குள் கரைந்துவிடும். அதனால் பூட்டு இழப்புக்கு எச்சரிக்கை வைப்பது கட்டாயம்.

சோதிக்க, ஒரு லிங்க்கில் இறக்கத் திசையில் முழு டிராஃபிக் விட்டு, பக்கத்து லிங்க்கின் மாடுலேஷனை (சிக்னலின் தரத்தைப் பொறுத்து ரேடியோ தேர்ந்தெடுக்கும் வேகப்படி) பாருங்கள். டிராஃபிக் ஏறும்போது மட்டும் அது சரிந்தால் நேரம் பொருந்தவில்லை. விகிதத்தையும் தூரத்தையும் மறுபடி பாருங்கள்.

இது தேறிய பிறகே சேனலை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள்: நான்கு செக்டர்களுக்கு இரண்டு சேனல், எதிரெதிர் செக்டர்களுக்கு ஒன்றே. ஆன்டெனாவின் முன்-பின் விகிதம், அதாவது முன்புறத்தைவிடப் பின்புறம் எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறது என்பது, 30 டெசிபலாவது வேண்டும். அது இருந்தாலும், தெற்கு வாடிக்கையாளர் மைனஸ் 50 டிபிஎம்மிலும் வடக்கு வாடிக்கையாளர் மைனஸ் 70இலும் வந்தால், தெற்குச் சிக்னல் வடக்கு செக்டரின் பின்புறமாக மைனஸ் 80இல் நுழையும்; வடக்கு செக்டருக்கு மிஞ்சுவது 10 டெசிபல் மட்டுமே. எல்லா வாடிக்கையாளர் ரேடியோக்களின் சக்தியையும் சரிக்கட்டி, இரு பக்கமும் மைனஸ் 60க்கு வரவையுங்கள்; அப்போது முழு 30ம் கிடைக்கும்.