எந்தக் கஜானாவின் கடன்? மும்பைவாசிகளுக்கு ஒரு பட்ஜெட் கணக்கு

‘நாட்டுக்குக் கடன், அதனால்தான் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை’ என்று தாராவியில் யாராவது சொன்னால், எந்த ஆஸ்பத்திரி என்று முதலில் கேளுங்கள். சயான், கே.இ.எம். இரண்டும் மாநகராட்சியுடையவை. ஜே.ஜே. மாநில அரசுடையது. லோக்கல் ரயில் மத்திய அரசுடையது. மூன்று கஜானா, மூன்று பட்ஜெட்.

மத்தியக் கணக்குக்கு, மத்திய பட்ஜெட்டின் சுருக்கமான ‘பட்ஜெட் அட் எ கிளான்ஸ்’ ஆவணத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் வருவாய் வரவு (கடன் சேராத வரி முதலிய வருமானம்), வட்டிச் செலவு என்ற இரண்டு வரிகள் போதும். 2025-26 மதிப்பீட்டில் வரவு ரூ.34.20 லட்சம் கோடி, வட்டி ரூ.12.76 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள்: நூறு ரூபாய் வந்தால் 37 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசல் இதில் சேரவில்லை. சுகாதார அமைச்சகத்துக்கு மொத்தமே ஏறத்தாழ ரூ.1 லட்சம் கோடிதான்.

அதே ஆவணத்தின் வட்டப்படத்தில் வட்டி 20 காசு என்று இருக்கும். ஏமாறாதீர்கள். புதுக் கடனையும் மாநிலங்களின் வரிப்பங்கையும் வரவில் சேர்த்துப் போட்ட கணக்கு அது. கைமாற்று வாங்கியதையும் சம்பளத்தில் சேர்த்துச் சொல்வது மாதிரி.

வட்டி, சம்பளம், பென்ஷன் மூன்றிலும் எளிதில் கைவைக்க முடியாது. பணம் போதாமல் போனால் காலிப் பணியிடம் நிரம்பாது, பராமரிப்பு தள்ளிப்போகும், கான்ட்ராக்டர் பில் தேங்கும். இதைப் பிடிக்க, ஒரே ஆண்டுக்கு முதலில் போட்ட பட்ஜெட் மதிப்பீட்டையும் பிறகு வந்த திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2024-25இல் மத்திய அரசின் மூலதனச் செலவு (சாலை, ரயில்பாதை மாதிரி நீடித்து நிற்கும் சொத்துக்கானது) ரூ.11.11 லட்சம் கோடியிலிருந்து ரூ.10.18 லட்சம் கோடியாக இறங்கியது. அது தேர்தல் ஆண்டு, அதனாலும் செலவு குறைந்திருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தால் இந்த இறக்கம் கண்ணில் படாது.

மொத்தக் கடனை ஜனத்தொகையால் வகுத்து ‘தலைக்கு இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தள்ளிவிடுங்கள். கடன் கொடுத்தவர்களில் பெரும்பகுதி உள்ளூர்தான். ரிசர்வ் வங்கி வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் ஏலம் விடும் அரசுக் கடன் பத்திரங்களை வங்கிகளும் எல்.ஐ.சி.யும் வாங்குகின்றன. அந்த வட்டியில் ஒரு பங்கு உங்கள் பாலிசிக்கும் டெபாசிட்டுக்கும் திரும்பி வருகிறது. ரூ.10,000 இருந்தால் ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ கணக்கில் பத்திரம் வாங்கி நீங்களே கடன் கொடுக்கலாம்.

ஜே.ஜே.க்கு இதே வகுத்தலை மகாராஷ்டிர பட்ஜெட்டில் போடுங்கள். சயானுக்கு இது பொருந்தாது. மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் ரூ.74,427 கோடி, கடனைவிட ஃபிக்சட் டெபாசிட்டுக்குப் பேர்போன நிர்வாகம் அது. அங்கே மருந்து இல்லையென்றால் கடனைப் பழிக்காமல், கொள்முதல் டெண்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.