ஏணைக் கயிற்றை விடுதல்: குழந்தையைத் தானாக உறங்கப் பழக்கும் முறை

திருகோணமலையில் எங்கள் வீடுகளில், குழந்தை பிறந்ததும் முகட்டு வளையில் ஒரு சீலை ஏணை கட்டிவிடுவார்கள். என் மகளும் ஐந்து மாதம் வரை ஏணையில்தான் உறங்கினாள். ஏணையில் கட்டிய கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நான் பக்கத்தில் பாயில் படுத்திருப்பேன். கண்ணயர்ந்து என் கை ஓய்ந்ததும் அவள் விழித்துவிடுவாள். ஓர் இரவில் ஏழு தடவை அப்படி எழுந்த பின்னரே, அவளை எழுப்பியது பசியல்ல, ஆட்டம் நின்றுபோனதுதான் என்பது எனக்கு விளங்கியது.

குழந்தையின் உறக்கம் ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாக அமைகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது இலேசாக விழிக்கும். கண்ணயரும்போது இருந்த நிலை அப்படியே இருந்தால் மீண்டும் உறங்கிவிடும். மடியில் உறங்கிய குழந்தை வெறும் மெத்தையில் விழித்தால் மடியைத் தேடி அழும். ஆகவே நாம் பழக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நள்ளிரவில் விழிக்கும் இடத்திலேயே குழந்தை முன்னிரவிலும் கண்ணயர வேண்டும்.

முதலாவது படி, வயதைப் பார்ப்பது. நான்கு மாதத்துக்கு முன் இதைத் தொடங்க வேண்டாம். பகல், இரவு என்ற வேறுபாடு மூன்று, நான்கு மாதங்களில்தான் குழந்தையின் உடலில் படியத் தொடங்குகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நிறை போதாத குழந்தை எனில் கிளினிக்கில் வைத்தியரிடமோ குடும்பநல மாதுவிடமோ கேட்ட பிறகே தொடங்குங்கள். இரவுப் பாலை நிறுத்துவது இதன் நோக்கமன்று; பசித்து அழுதால் பால் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, படுக்கை. அமுங்காத, சமமான மெத்தையில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை எவையும் அருகில் இருக்கக் கூடாது. ஏணையின் வளைவில் நாடி நெஞ்சில் முட்டும்படி குழந்தை சுருண்டுகொள்வதால் மூச்சுக்கு இடைஞ்சல் வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊரின் இரவுகள் புழுங்கும் என்பதால், மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும்; மின்விசிறி நேரே முகத்தில் படாமல் சுழலட்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆதலால் பகல் உறக்கத்துக்கும் நுளம்பு வலை வேண்டும்.

மூன்றாவது, நாள் தவறாத ஒழுங்கு. எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு இளஞ்சூட்டு நீரால் உடல் துடைத்து, சட்டை மாற்றி, மங்கிய வெளிச்சத்தில் பால் கொடுத்து, இரண்டு தாலாட்டுப் பாடுவோம். தாலாட்டைக் கைவிடச் சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. ஆனால் குழந்தையின் கண் திறந்திருக்கும்போதே பாட்டு முடிந்துவிட வேண்டும்.

நான்காவது படியே கடினமானது. இமை கனத்து, கைவிரல்கள் தளர்ந்து, ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிலையில் குழந்தையைப் படுக்கையில் கிடத்துங்கள். சிணுங்கினால் உடனே தூக்காதீர்கள். சிணுங்கல் ஏறி இறங்கும், இடையில் நிற்கும், பல தடவை அதுவே உறக்கத்தின் வாசலாக இருக்கும். அழுகையாக மாறினால் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்லச் “சூ... சூ...” என்று சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தூக்கி ஆற்றி, உறங்கிவிடும் முன் மறுபடி கிடத்துங்கள். மூன்று நாளைக்கு ஒரு படியாக இந்த உதவியைக் குறையுங்கள்: முதலில் கையை எடுத்து, படுக்கையருகே கதிரையில் மட்டும் இருங்கள், பிறகு கதிரையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

அறையை விட்டு வெளியேறி, மூன்று, ஐந்து, பத்து நிமிடங்கள் எனக் கூட்டிக் காத்திருந்து வந்து பார்க்கும் முறையும் உண்டு. மெல்பேர்னில் 326 குழந்தைகளுடன் தொடங்கி 2012 இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய முறைகளால் ஆறு வயதில் குழந்தையின் மனநலத்திலோ தாயுடனான உறவிலோ தீங்கு எதுவும் தென்படவில்லை என்று காட்டியது. ஆயினும் பலர் ஒரே அறையில் உறங்கும் எங்கள் வீடுகளுக்குக் கதிரை முறையே பொருந்தும் என்பது என் எண்ணம்.

தொடங்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். மூன்றாம் இரவு, “பிள்ளையை ஏன் அழ விடுறாய்?” என்று கேட்டுக்கொண்டே என் அம்மா ஓடிவந்து மகளைத் தூக்கிவிட்டார், மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதன் பின் நெஞ்சில் கை வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன், அவருடைய கைக்கே மகள் விரைவில் அடங்கினாள்.

எங்களுக்குப் பதினாறு நாள் எடுத்தது. இடையில் காய்ச்சல் வந்தால் பழக்கத்தை நிறுத்தி, வேண்டிய மட்டும் தூக்கி வைத்திருங்கள். சுகமானதும் கை வைக்கும் கட்டத்திலிருந்து தொடரலாம். மகள் எழுந்து உட்கார முயன்ற மாதத்தில், அவள் விழுந்துவிடுவாள் என்று அஞ்சி அம்மாவே ஏணையை அவிழ்த்து, சீலையைத் தோய்த்துக் கொடியில் காயப் போட்டார்.