இங்கிலாந்தில் சோசியல் ஒர்க்கர் வந்தால்: கொங்குக் குடும்பங்கள் உறவைக் கூட்டி முடிவெடுக்கும் வழி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கம் இருந்து இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது. ஒரு பிள்ளையைப் பற்றிப் பள்ளியோ, ஜிபி என்ற குடும்ப மருத்துவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ கவலை தெரிவித்தால், அடுத்து என்ன செய்வதென்று உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் ஒரு வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். பிள்ளையின் நிலையை மதிப்பிட வேண்டும் என்று பட்டால், பிள்ளைகள் நலனைப் பார்க்கும் கவுன்சில் ஊழியரான சோசியல் ஒர்க்கர் வீட்டுக்கு வருவார். அந்த மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 45 வேலை நாள்.

அந்தச் சமயத்தில் நம்மவர்களில் பலர் ஊருக்குத் தெரியாமல் மூடி வைக்கப் பார்க்கிறார்கள். "அப்பாருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு", "பங்காளிக வாயில விழோணுமா" என்ற பயம் புரிகிறது. ஆனால் காரியம் கெடுவது அங்கேதான். பெற்றோரிடம் பிள்ளை இருக்க முடியாது என்ற நிலை வந்தால், வேறு யாரிடமும் கொடுக்கும் முன் சொந்தக்காரர்களைப் பார்க்கச் சொல்கிறது இந்நாட்டுச் சட்டம். கவுன்சில் கோப்பில் பெயர் இல்லாத தாய்மாமனை யாரும் தேடிப் போக முடியாது. அதனால் முதல் வாரத்திலேயே உறவைக் கூட்டுங்கள்.

முதலில் பயம் தெளிய

சோசியல் ஒர்க்கர் தன் விருப்பத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போக முடியாது. உடனடி ஆபத்து இருந்தால் போலீஸ் 72 மணி நேரம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். நீதிமன்றம் அவசர ஆணை கொடுத்தால் 8 நாள், நீட்டித்தால் இன்னும் 7 நாள். மற்றபடி உங்கள் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். அந்தச் சம்மதத்துக்குத்தான் 1989 பிள்ளைகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப் படிவத்தை நீட்டுவார்கள். வக்கீலிடம் காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் பெற்றோர் உரிமை உள்ளவர் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

நீதிமன்றத்துக்குப் போகும் முன் கவுன்சில் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்தால், பெற்றோருக்கு இலவச வக்கீல் உதவி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. விசாவில் 'அரசு நிதி கிடையாது' என்று இருப்பதால் பலர் உதவி கேட்கவே தயங்குகிறார்கள். இலவச வக்கீல் உதவியும், அதே 1989 சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் பிள்ளைக்குச் செய்யும் உதவியும் அந்தத் தடைக்குள் வராதவை. தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு கூட்டம், இரண்டும் வேறு

இங்கேதான் குழப்பம் அதிகம். பிள்ளைப் பாதுகாப்பு மாநாடு என்பது அதிகாரிகளின் கூட்டம். கவலை கடுமையானது என்று முடிவான பின், அதிகாரிகள் முதலில் கூடிப் பேசும் தொடக்க ஆலோசனை நடந்த நாளில் இருந்து 15 வேலை நாளுக்குள் கூட்ட வேண்டும். ஆசிரியர், செவிலியர், போலீஸ், சோசியல் ஒர்க்கர் உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் இருப்பீர்கள், பாதுகாப்புத் திட்டம் வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். 3 மாதத்துக்குள் மறுபரிசீலனை, அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை.

ஃபேமிலி குரூப் கான்ஃபரன்ஸ் என்பது உங்கள் கூட்டம். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் குடும்ப முறையை ஒட்டி 1989-இல் சட்டமாகி, பிறகு பிரிட்டனுக்கு வந்தது. வழக்கில் முடிவெடுக்கும் பொறுப்பு இல்லாத ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நீங்கள் சொல்லும் உறவினர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசுவார். கூட்ட நாளில் முதலில் அதிகாரிகள் தங்கள் கவலையைச் சொல்வார்கள். நீங்கள் கேள்வி கேட்கலாம். பிறகு அவர்கள் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் உட்கார்ந்து பேசித் திட்டம் எழுதும். அதிகாரிகள் மீண்டும் உள்ளே வந்து அதைக் கேட்பார்கள். பிள்ளைக்கு ஆபத்து இல்லையென்றால் ஏற்றுக்கொள்வார்கள். செலவு உங்களுடையது இல்லை, வற்புறுத்தலும் இல்லை.

அவர்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். "எங்களுக்கு ஃபேமிலி குரூப் கான்ஃபரன்ஸ் வேண்டும்" என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டதற்குப் பதிவு இருக்காது.

உறவுப் பட்டியல்

உள்ளதிலேயே அதிகம் உழைக்க வேண்டிய இடம் இது. ஒரு தாளில் பிள்ளையை நடுவில் எழுதி, அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் கிளை பிரித்து வரையுங்கள். அப்பாரு, ஆத்தா (அப்பாவைப் பெற்றவர்கள்), அப்புச்சி, அம்முச்சி (அம்மாவைப் பெற்றவர்கள்), மாமன், சித்தி, அத்தை என்று நாம் கூப்பிடும் முறையோடு, "அம்மாவின் கூடப்பிறந்த தம்பி" என்பது போல இரத்த உறவையும் எழுத வேண்டும். ஒரே கூட்டத்துக்காரர் (குலத்தார்) எல்லோரும் நமக்குப் பங்காளி. இங்கே சட்டம் நெருங்கிய உறவு என்று ஏற்பது தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர், பெற்றோரின் சொந்த அண்ணன் தம்பி அக்கா தங்கை, அவர்களை மணந்தவர்கள், மாற்றாந்தாய் அல்லது மாற்றுத் தகப்பன் வரைதான்.

இதன் விளைவு பெரியது. அப்பாவின் பெரியப்பா மகன் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய் வரலாம் என்று நினைப்பீர்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை நெருங்கிய உறவல்லாத வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்குவதானால், 6 வாரம் முன்பே கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும், அவசரமென்றால் உடனே. சொல்லாமல் விட்டால் குற்றம்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் தாத்தாவுக்கு ஒரு கடைசிப் பெயர், அப்பாவுக்கு வேறொன்று, பேரனுக்கு இன்னொன்று என்று இருக்கும். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்பது இங்குள்ள அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பெரியவர்களின் பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகல் ஆகியவற்றை வரிசையாக அடுக்கி, யார் மகன் யார் என்று ஒரு பக்கக் குறிப்போடு கொடுத்தால் பல வாரச் சந்தேகம் ஒரே நாளில் தீரும்.

இந்தக் கோப்பில் பிள்ளையின் சிவப்பு மருத்துவப் புத்தகமும் இருக்கட்டும். நம் குழந்தைகளுக்கு இடுப்பில், முதுகில் பிறவியிலேயே வரும் நீலத் திட்டுகளைக் கன்றிப்போன காயம் என்று நினைத்துவிடுவதுண்டு. குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே ஹெல்த் விசிட்டர் என்ற குழந்தை நலச் செவிலியரிடம் சொல்லி அதில் குறிக்க வையுங்கள்.

கூட்ட நாள்

ஊரில் இருப்பவர்கள் வீடியோவில் சேரலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு ஐந்தரை மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் நாலரை. பள்ளி விட்ட பின் மாலை 4.30 என்று வைத்தால், குளிர்காலத்தில் ஈரோட்டில் இரவு 10 மணி. சனிக்கிழமை காலை 10 மணி கேட்டுப் பாருங்கள். அங்கே மதியம் மூன்றரை, எல்லோருக்கும் தோது. தோட்டத்துச் சாளையில் சிக்னல் நிற்காதென்றால், பெரியவர்களை அன்று கோபியிலோ தாராபுரத்திலோ டவுன் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முதல் நாளே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சில்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சு பழகியவர் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையையோ சொந்தக்காரரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். புரியாமல் மரியாதைக்குத் தலையாட்டினால் ஒப்புதல் என்று பதிவாகிவிடும்.

நம் வீட்டுப் பேச்சுவார்த்தையில் மூத்தவர் ஒருவர் எல்லோருக்குமாகப் பேசுவார், மருமகள் சமையலறை வாசலில் நிற்பாள். இங்கே அது செல்லாது. அம்மாவும் பிள்ளையும் சொல்வதுதான் முதலில் கேட்கப்படும். பிள்ளைக்காகப் பேசத் தனியாக ஓர் ஆள் கேட்கலாம். சீர், நகை, பூமிப் பங்கு ஆகிய பழைய கணக்கு எதையும் குடும்பம் மட்டும் பேசும் தனி நேரத்தில் எடுக்காதீர்கள். அது கிளம்பினால் திட்டம் எழுதவே நேரம் இருக்காது.

வீட்டில் அடி உதை இருந்தால் அதைக் கூட்டத்துக்கு முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்காமல் நடத்த முடியும். "அனுசரிச்சுப் போ சாமி" என்று பெண்ணிடம் சொல்ல யாரையும் அழைத்து வரக்கூடாது. அப்படிப்பட்டவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

எழுத வேண்டிய திட்டம்

"எல்லோரும் சேர்ந்து நன்றாகப் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதினால் திட்டம் திரும்பி வரும். எட்டு வயதுப் பிள்ளை இரவில் தனியாக இருந்தது கவலை என்றால், இப்படி எழுதுங்கள்: திங்கள், வியாழன் அம்மாவுக்கு நைட் ஷிப்ட். அன்று மாலை 6.30-க்குச் சித்தி வருவார், மறுநாள் காலை 8.45-க்குப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார். சித்தியால் முடியாத நாளில் மாமன். முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இருவராலும் முடியாவிட்டால் அம்மா ஷிப்டுக்குப் போகமாட்டார். ஞாயிறு காலை அம்முச்சி வீடியோவில் பிள்ளையிடம் தனியாகப் பேசி, ஏதாவது சரியில்லை என்றால் மாமனுக்குச் சொல்வார். ஒவ்வொரு வரியிலும் ஆள், நாள், மணி, தவறினால் மாற்று. கவுன்சில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே தாளில் கேட்டு எழுதுங்கள்.

ஆத்தா வந்து பார்த்துக்கொள்வார் என்பதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். விசிட்டர் விசாவில் ஒருமுறைக்கு 6 மாதம்தான். அடுத்தடுத்து வந்து இங்கேயே குடியிருப்பது போல் ஆனால் விசா மறுக்கப்படும்.

பிள்ளை ஊரில் வளரட்டும் என்றால்

விசாரணை நடக்கும்போது யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏற்றுவது மிகப் பெரிய தவறு. ஓடப் பார்க்கிறார்கள் என்று கவுன்சில் அவசர ஆணை கேட்கும். நேராகத் திட்டத்திலேயே அப்புச்சி வீட்டை எழுதுங்கள். கடல் கடந்த உறவினர் வீட்டை மதிப்பிட சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் அக்ராஸ் பார்டர்ஸ் என்ற அமைப்பின் உதவியைக் கவுன்சில் கேட்கலாம். வீடு, வருமானம், உடல்நலம், போலீஸ் சான்று, பக்கத்துப் பள்ளி எல்லாம் பார்ப்பார்கள். அதற்கு மாதங்கள் பிடிக்கும். கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போனால், வழக்கு 26 வாரத்தில் முடிய வேண்டும் என்பது விதி. இருபதாவது வாரத்தில் தாத்தா பெயரைச் சொன்னால் மதிப்பீட்டுக்கு நேரம் போதாது. நீதிமன்ற ஆணைப்படி பிள்ளை கவுன்சில் பொறுப்பில் இருந்தால், வெளிநாடு அனுப்ப நீதிமன்ற அனுமதியும் வேண்டும். பிள்ளை இந்தியக் குடிமகன் என்றால் லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதி, அந்தக் கடிதத்தின் நகலை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.