செட்டிநாட்டு வீட்டில் ஸ்டுடியோ கட்டும் ராக் கிடாரிஸ்டை ஆவணப்படமாக எடுப்பது எப்படி

காரைக்குடிப் பக்கம் தாத்தா வீட்டின் ஒரு பகுதியை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றப்போகிற ஒரு கிடாரிஸ்ட் உங்களுக்குத் தெரியும், அந்த வேலை முழுவதையும் நீங்கள் படம்பிடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா வாடகை, லைட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். சுவரில் ஆணி அடிக்கும் முன்பே, சிமெண்ட் மூட்டை வந்து இறங்கும் முன்பே, அந்த அறை இன்றைக்கு எப்படிக் கேட்கிறது என்று பதிவு செய்துவிடுங்கள். சுவர் எழும்புவதை எந்தப் படத்திலும் பார்க்கலாம், ஆனால் ஒரு அறையின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்ப்பவர் தன் காதாலேயே உணர்ந்தால்தான் இது ஸ்டுடியோவைப் பற்றிய படம்.

செய்முறை எளிது. ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, கெயினை (சத்தத்தைப் பெருக்கிப் பதியும் அளவை) நன்றாகக் குறைத்து, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்து, எல்லாரையும் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஒரு பெரிய பலூனை ஊசியால் உடையுங்கள், அப்புறம் பத்து விநாடியாவது அப்படியே ஓடவிடுங்கள். முகப்பு, வளவு (வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம்), ஸ்டுடியோ ஆகப்போகிற அறை என்று ஒவ்வொரு இடத்திலும் இதைச் செய்யுங்கள். மைக் நின்ற இடம் மாறக்கூடாது, அதனால் எந்தச் சுவரிலிருந்து எத்தனையாவது ஆத்தங்குடிக் கல் (தரையில் பதித்த சதுர ஓடு) என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வேலை ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அதே கல்லில் நின்று அதே மாதிரி பலூன் உடைக்க வேண்டும். எடிட்டிங்கில் இவற்றை அடுத்தடுத்து வைத்தால் ஒரு வார்த்தை வர்ணனை தேவைப்படாது. இன்னொரு லாபமும் உண்டு, ஒரு இடத்தின் எதிரொலியை வேறு பதிவின் மேல் ஏற்றும் கன்வல்யூஷன் ரிவெர்ப் மென்பொருளில் அந்த முதல் நாள் சத்தத்தை ஏற்றினால், அறை மாறிப்போன பிறகும் கிடாரிஸ்ட் தன் வாசிப்பைப் பழைய அறையின் எதிரொலியோடு கேட்கலாம்.

இந்த வீடுகள் இப்படி முழங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர் கண்ணாடி போல வழுவழுப்பு, தரையில் கல், மேலே உயர்ந்த கூரை, சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவுமே இல்லை. கணக்கு போட்டே பார்க்கலாம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள அறையின் கன அளவு 96 கன மீட்டர், சுவர், தரை, கூரை சேர்ந்த பரப்பு 128 சதுர மீட்டர். அந்தப் பரப்பு 2 சதவீதச் சத்தத்தைத்தான் உறிஞ்சுகிறது என்று கொண்டால், எதிரொலி அடங்க ஏறக்குறைய 6 விநாடி ஆகும். ஜன்னலும் கதவும் கட்டிலும் பீரோவும் இருப்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனாலும் டிரம்ஸ் வைத்தால் ஒரு அடி அடுத்த அடியை விழுங்கிவிடும். அதே அறையில் நல்ல தடிமனான ராக்வுல் (சத்தத்தை உறிஞ்சும் கல் இழைப் பஞ்சு) பேனல் 20 சதுர மீட்டருக்கு வைத்தால் கணக்கு முக்கால் விநாடிக்கு இறங்குகிறது.

மேலே போட்ட கணக்கின் சூத்திரத்தைக் கண்டுபிடித்த அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1890-களின் இறுதியில் ஹார்வர்டின் ஒரு விரிவுரை அரங்கத்துக்குள் ராத்திரி நேரத்தில் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். உங்கள் படத்தின் மிகச் சிறந்த காட்சி இங்கேயே இருக்கிறது. பெரிய வீட்டில் கல்யாணத்துக்கு வரும் உறவினர்களுக்கென்று இலவம்பஞ்சு மெத்தைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆச்சியிடம் கேட்டு வாங்கி, அறைக்குள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சாய்த்து வைத்து, ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு கைதட்டல் எடுங்கள், வெட்டாமல் ஒரே ஷாட்டில். ஆச்சிக்கே வித்தியாசம் புரியும், அந்த முகத்தை எடுக்க இரண்டாவது கேமரா வேண்டும்.

வளவை என்ன செய்யலாம் என்று கிடாரிஸ்டிடம் கேமரா முன்னாலேயே கேளுங்கள். என் கருத்தில் அதைத் தொடவே கூடாது. லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழு 1971-இல் வெளிவந்த தங்கள் நான்காவது ஆல்பத்துக்காக இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் ஜான் போனமின் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தது. வளவு அதற்குச் சளைத்த இடமில்லை. வானம் திறந்து கிடப்பதால் காக்கையும் கோயில் ஒலிபெருக்கியும் உள்ளே வரும், அதனால் டிரம்ஸ் பதிவை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

அனுமதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் பங்காளிகள் பலருக்குப் பொது, ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், எல்லாரிடமும் எழுத்தில் வாங்க வேண்டும், கட்டுவதற்குத் தனியாக, படம் எடுப்பதற்குத் தனியாக. படைப்பும் (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணமும் வரும் தேதிகளை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் அந்த நாட்களில் வேலை நிற்கும் என்பது தெரியும், சம்மதித்தால் அந்தக் கூட்டத்தையும் எடுக்கலாம். தூணிலும் பழைய பூச்சிலும் துளை போடுவதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது, பேனல்கள் தரையில் தனியாக நிற்கும்படி மரச் சட்டத்தில்தான் செய்ய வேண்டும்.

வேலை செய்பவர்களைப் பின்னணியாக வைத்துவிடாதீர்கள். ஆசாரி ரம்பம் பிடித்திருக்கும்போது பேசவிடுங்கள், உட்காரவைத்து லைட் அடித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். “ஏண்ணே, இம்புட்டு கனமான தேக்குக் கதவு இருக்கும்போது எதுக்கு இன்னொரு கதவு கேக்குறாங்க?” என்று கேட்டுப் பாருங்கள், கதவு எவ்வளவு கனமானாலும் இடுக்கு வழியாகத்தான் சத்தம் ஓடும் என்பதை அவர் விரலை வைத்தே காட்டிவிடுவார். மின்சார வேலையையும் விடாமல் எடுங்கள். செம்மண் காய்ந்துபோனால் எர்த் சரியாக இறங்காது, கரியும் உப்பும் போட்டுக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்கு முன்னும் பின்னும் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து அந்த உறுமலைப் பதிவு செய்யுங்கள். எர்த் சரியான பிறகும் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிடார் கொஞ்சம் உறுமும், அது வயரிங்கின் குற்றமில்லை என்பதையும் படத்தில் சொல்லிவிடுங்கள்.

கேமராவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலான விளக்குகள் மினுக்காது. மத்தியானத்தில் வளவு வெளுத்துப்போகும், அறை இருண்டு கிடக்கும், காலை வெயில் ஏறும் முன்போ சாயங்காலமோ எடுங்கள். நீண்ட வேலையை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸில் 10 விநாடிக்கு ஒரு படம் என்றால் 8 மணி நேர வேலைக்கு 2,880 படங்கள் கிடைக்கும், ஓட்டினால் இரண்டு நிமிடம்கூட வராது, அதிலும் பத்து விநாடிதான் படத்தில் நிற்கும்.

பணம் தீரும் நாளையும் வேலை நிற்கும் வாரத்தையும் எடுங்கள். நியூயார்க்கில் ராக் கிடாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவைக் கட்டியபோது நிலத்தடி நீர் புகுந்தது, செலவு எல்லை மீறியது, 1970 ஆகஸ்டில் திறப்பு விழா நடந்து ஒரு மாதம் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார், அந்த ஸ்டுடியோ இன்றும் இயங்குகிறது. நம் ஊரிலும் ஒரு முன்கதை உண்டு. ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன் காரைக்குடியின் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. அதை நினைவு வைத்திருக்கும் பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் முதல் வாரமே போய்ப் பேசிப் பதிவு செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக உரிமை. ஸ்டுடியோவைச் சோதிக்கும்போது எல்லாரும் பிரபலமான ராக் பாட்டைத்தான் வாசிப்பார்கள், அது படத்தில் வந்தால் உரிமை வாங்க உங்கள் மொத்த பட்ஜெட்டும் போதாது. கேமரா ஓடும்போது சொந்தப் பாட்டு மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், பேண்டில் இருக்கும் டிரம்மர், பேஸிஸ்ட் எல்லாரிடமும் ஷூட்டிங் தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.