டர்பனில் தண்ணீர் வசதிக்கு மாநகராட்சியிடம் பணம் கேட்பது எப்படி, எந்த மாதத்தில்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டதும் அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்காக வாளியோடு நின்றது, டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வாங்கி வைத்தவர்கள் வைத்துக்கொண்டார்கள், சரி. ஆனால் நிலையத்தையும் பம்பையும் பலப்படுத்துவது ஊர்ப் பணத்தில்தான் நடக்கும், அதை நாம் பெரும்பாலும் தப்பான நேரத்தில் கேட்கிறோம்.

டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி அதற்கு 90 நாள் முன்பே, அதாவது மார்ச் முடிவுக்குள், வரைவு பட்ஜெட் கவுன்சிலுக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் மக்களிடம் கருத்து கேட்க வேண்டும், வந்ததைப் பரிசீலிக்கவும் வேண்டும். ஆகவே ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் எழுதுங்கள். ஜூனில் கத்திப் பிரயோஜனமில்லை.

மேயரின் உரையை விடுங்கள், பட்ஜெட்டில் கட்டுமான வேலைகளைத் தொகையோடு சொல்லும் மூலதனப் பட்டியலைத் திறந்து உங்கள் பகுதியின் நீர்த்தேக்கத் தொட்டி, பம்ப் நிலையம், பிரதானக் குழாய் ஆகியவற்றின் பெயர் அதில் காட்டியிருக்கும் மூன்று ஆண்டுகளில் எங்காவது தொகையோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழையதைப் புதுப்பிக்க மூலதனத்தில் 40 சதவீதமாவது வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் வழிகாட்டல், அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ரிப்பன் வெட்டுவதற்குப் புதுக் குழாய்தான் வசதி.

எந்தப் பணத்தைக் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேரிடர் மானியங்கள் பேரிடர் நடந்த பிறகு வருபவை, ஒன்று உடனடித் தேவைக்கு, இன்னொன்று இடிந்ததைத் திரும்பக் கட்ட. வெள்ளத்துக்கு முன்பே மின் பலகையை உயரத்தில் ஏற்றவும், ஜெனரேட்டர் வைக்கவும், ஆற்றைக் கடக்கும் குழாய்க்கு இன்னொரு மாற்றுப் பாதை போடவும் அவற்றை நம்ப முடியாது. அதற்குப் பெருநகரங்களுக்கென்றே மத்திய அரசு தரும் யுஎஸ்டிஜி (நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு) மானியம், தண்ணீர்க் கட்டணம், கடன் ஆகிய மூன்றும்தான் முக்கிய வழி. கேப் டவுன் 2017இல் 100 கோடி ராண்டுக்குப் பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான கடன் பத்திரம், விற்றது, தண்ணீர்த் திட்டங்களும் அதில் சேர்த்தி. டர்பனும் கேட்கலாம், ஆனால் அனுப்புகிற தண்ணீரில் ஏறக்குறைய பாதி கசிவிலும் திருட்டு இணைப்பிலும் பில் போடாமலும் போகிற ஊருக்குக் கடன் கொடுப்பவன் முகம் சுளிக்கத்தான் செய்வான். அதனால் கசிவை அடைக்கும் செலவையும் அதே கடிதத்தில் கேளுங்கள், அந்தக் காசு பிறகு கட்டணமாகத் திரும்பி வரும்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: எந்த நிலையம், என்ன வேலை, எந்த நிதியாண்டில், எந்த மானியத்திலிருந்து. "எங்கள் பகுதியைக் கவனியுங்கள்" என்று எழுதினால் நன்றி என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். கோயில் கமிட்டி, பள்ளிவாசல், சர்ச், பக்கத்துச் சூலுக் குடும்பங்கள், வரி செலுத்துவோர் சங்கம் எல்லோரும் ஒரே கோரிக்கையில் கையெழுத்திட்டால் கவுன்சிலர் அதைத் தமிழர் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. கிடைத்ததற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் வந்துவிட்டது என்று தூங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு காலாண்டும் செலவு அறிக்கை வரும், ஜனவரியில் அரையாண்டு மதிப்பீடு, பிப்ரவரியில் திருத்த பட்ஜெட். மெதுவாக நகர்கிற வேலையின் பணத்தை வேறு வேலைக்குத் தள்ளுவது அந்தத் திருத்தத்தில்தான். செலவாகாத மானியமோ, தனி அனுமதி கிடைக்காவிட்டால், திரும்ப மத்தியக் கருவூலத்துக்கே போய்விடும். ஆகவே டிசம்பர் விடுமுறைக்கு முன்பே டெண்டர் போட்டாயிற்றா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.