கல்லடிக் கலியாணத்துக்கு 35 மி.மீ. லென்ஸ்: என் அனுபவம்

மட்டக்களப்புப் பக்கம் முகூர்த்தம் விடியற்காலையில் விழுந்தால், கோயில் மண்டபத்தில் குத்துவிளக்கும் இரண்டு மூன்று டியூப் லைட்டும்தான் வெளிச்சம். ஃப்ளாஷ் அடித்தால் ஓமப்புகை வெள்ளைத் திரையாய் மறைக்கும், ஐயரும் முறைப்பார். கமராவோடு வந்த 18-55 மி.மீ. ஸூம் லென்ஸில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 6400 வரை போக, கூறைச் சேலையின் சரிகை புள்ளிபுள்ளியாகிவிடும்.

எல்லாரும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கு என்றார்கள்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறந்து கூடுதல் வெளிச்சம் விடும். விலை குறைவுதான். ஆனால் என் நிக்கோனின் சின்ன சென்சாரில் அது 75 மி.மீ. போலக் குறுகலாகப் பார்க்கும். மணவறைக்கு முன்னால் சொந்தக்காரர் நெருக்கும்போது பின்னால் போக இடம் ஏது? பழைய கலியாணப் படங்களின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை 30க்கும் 40 மி.மீ.க்கும் இடையில் எடுத்தவை. சரி என்று 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (நிக்கோனின் சின்ன சென்சாருக்கான லென்ஸ்), பாவித்தது ஒன்று எடுத்தேன். டோர்ச் அடித்து உள்ளே பங்கஸ் (பூஞ்சணம்) இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் பிடிக்கும்.

பழைய லென்ஸ் 35இல் எஃப் 4.5. இதை முழுக்கத் திறந்தால் ஆறு மடங்கு வெளிச்சம், ஐஎஸ்ஓ 1000 போதும். மாலை மாற்றும்போது மட்டும் கொஞ்சம் மூடி எஃப் 2.8 வைக்கிறேன், இல்லாவிட்டால் மாப்பிள்ளை தெளிவாக, பெண் மங்கலாக வருவாள். டியூப் லைட்டுக்குக் கீழே ஷட்டர் வேகம் 1/100 செக்கன். அதைவிட வேகமாக வைத்தால் டியூப் லைட்டின் துடிப்பால் படத்துக்குப் படம் நிறம் மாறுகிறது.